இரண்டாவது பை

நவம்பர் 4, செவ்வாய்

இந்த டைரியைச் சோதனைக்கூடத்து ரகுவரன் சார் கொடுத்தார். அவர் தரும் தாளில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு நெத்திலியைக்கூட நீட்டிப் படுக்க வைக்க முடியாது. அதிகம் எழுத வேண்டியிருந்தால் இதில் எழுதுங்கள் மேடம் என்றார். என் ஆயுசில் என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான், அதற்காகவே எழுதலாம்.

வேலை இதுதான். ரசாயனக் கம்பெனி தன் கழிவுத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கடலுக்குள் விடுகிறது. குழாய் முடியும் இடத்தை நாங்கள் குழாயடி என்போம். மீனுக்கு ஏதும் ஆகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். அதற்கு ஊருக்குள் ஓர் ஆள் வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்து, இருபத்திரண்டு வருடம் மீன் விற்ற பெலிசிட்டா கிடைத்தாள். காலையில் ஏலக்கூடத்தில் நின்று எந்தப் படகில் என்ன மீன், எத்தனை கிலோ, உடல்நிலை நலமா இல்லையா என்று எழுத வேண்டும். மாதம் ஒருமுறை சோதனைக்கு இரண்டு பை மீன் ஐஸ் போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் பையில் வெளிக்கடல் மீன், இரண்டாவது பையில் குழாயடி மீன். ஊரில் எனக்கு இப்போதே மீன் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊசி எங்கே என்று கேட்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து வெளிக்கடல் கிடையாது. சின்ன வள்ளத்தில் குழாயடி வரை போய் வலை விடுகிறார். இன்று இருபது மடவை கொண்டுவந்தார். மடவை என்றால் வலையைக் கண்டதும் எகிறித் தாண்டும், பாதி தப்பித்துவிடும். இன்று ஒன்றும் எகிறவில்லை, வலைக்காகக் காத்திருந்த மாதிரி நின்றன என்றார். தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

முதல் இரண்டு பைகளும் போயின. முதல் பையில் தொம்மை படகின் பாறை மீன் இரண்டு. தொம்மை பன்னிரண்டு மைலுக்கு அப்பால் போகிறவர், அவர் மீன் எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டாவது பையில் கஸ்பாரின் மடவை மூன்று. ஒன்றுக்கு வால் பக்கம் புண், ஒன்றுக்குச் செவுளில் சளி போலப் படிந்திருந்தது. உள்ளதை உள்ளபடி வைத்தேன். சார் பாறையைக் காட்டி இது குட்டிச் சுறாவா என்று கேட்டார். வேதியியல் படித்தவராம்.

நவம்பர் 8, சனி

மழை. படகு போகவில்லை. துணி காயவில்லை.

நவம்பர் 15, சனி

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சார் போன் செய்தார். இரண்டாவது பையைச் சோதனைக்கூடத்தில் எடுத்துக்கொள்ளவில்லையாம். "கெட்டுப்போன மீன்" என்று எழுதித் தள்ளிவிட்டார்களாம். அடுத்த தடவை கொஞ்சம் நல்ல மீனாப் பார்த்துக் கொடுங்க மேடம் என்றார், ரொம்பப் பணிவாகத்தான்.

இருபத்திரண்டு வருடத்தில் என் கூடையிலிருந்து போன மீனை ஒருத்திகூட முகர்ந்து பார்த்ததில்லை. பெலிசிட்டா கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று டவுனில் நான்கு தெருவுக்குப் பேச்சு. அந்த மடவை கரைக்கு வரும்போது உயிரோடு இருந்தது. புண்ணோடு உயிரோடு இருந்தது. அதைப் போய்க் கெட்டுப்போனது என்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் அழுகல் மீன் அனுப்பினேன் என்று ஊர் முழுக்கச் சிரிக்கும்.

நவம்பர் 19, புதன்

ஜெனோவா வந்துவிட்டாள். முதல் பிரசவம், தாய்வீட்டில்தான். மருமகன் கப்பலில் இருக்கிறார், பிப்ரவரியில்தான் வருவாராம். எட்டாம் மாதம், வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். வந்ததும் வராததுமாக மடவைச் சினை வேண்டும் என்றாள். அவள் கேட்டு நான் இல்லை என்பதா?

குழாயடி மீனை வியாபாரிகள் தொடுவதில்லை. மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று ஒதுக்குகிறார்கள். அதனால் அது கறிமீனாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஏலத்தில் போகாததுதான் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கறிமீன், இன்று நேற்றல்ல. புண் இருந்த இடத்தைக் கத்தியால் வட்டமாக வெட்டி எறிந்துவிட்டு, கல்லுப்பு மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவினேன். வாடை போய்விட்டது.

ஏழு மடவை அறுத்தேன். இது சினை மாதம், ஒவ்வொன்றிலும் மஞ்சளாகத் திரண்டு கிடக்க வேண்டும். ஒன்றில்கூட இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் நூல் மாதிரி ஏதோ இருந்தது. ஈரல் தவிட்டு நிறம். பருவம் தள்ளிப்போகிறது என்று ஜெனோவாவிடம் சொன்னேன். சினை இல்லாமலே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 27, வியாழன்

தாளில் உடல்நிலை: நலம்.

டிசம்பர் 5, வெள்ளி

சோதனை நாள். சாரின் வண்டி எட்டு மணிக்கே வந்துவிட்டது. தொம்மை படகு அதற்கு முன்பே கரை பிடித்திருந்தது. நல்ல பாறை, கண் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது, செவுள் ரத்தச் சிவப்பு. இரண்டு பையும் பார்க்கவே நிறைவாக இருந்தன. சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்தேன். சார் ரொம்ப ஃப்ரெஷ் மேடம் என்று சொன்னார்.

கஸ்பார் ஒன்பது மணிக்குக் கரை சேர்ந்தார். பத்து மடவை, நான்கு கெளுத்தி. கறிக்கு எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 6, சனி

கஸ்பார் வலையின் கிழிசலைப் பொத்தும்போது ஊசியை மூன்று தடவை கீழே போட்டார். விரல் நுனி மரத்துப்போய்விட்டது என்கிறார். சர்க்கரை பார்த்தோம், சரியாக இருக்கிறது. வாடைக்காற்று.

டிசம்பர் 13, சனி

ரிப்போர்ட் வந்துவிட்டது. "இரு இடங்களின் மீன்களும் உண்ணத் தகுந்தவை." கீழே முத்திரை, கையெழுத்து. ஊர்க்கமிட்டித் தலைவர் இன்னாசி அதை நகல் எடுத்து ஏலக்கூடத்திலும் கோவில் பலகையிலும் ஒட்டிவிட்டார். திருப்பலி முடிந்ததும் மைக்கில் என் பெயரைச் சொல்லி நன்றி வேறு சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான பெண் என்று நினைத்திருப்பார்கள்.

வியாபாரிகளும் படித்தார்கள். இன்று முதன்முறையாகக் குழாயடி மீன் ஏலத்தில் போனது. கஸ்பார் முகத்தில் ஒரு வருடத்துக்கு அப்புறம் வெளிச்சம். மீன் டவுனுக்குப் போய்விட்டது. நல்லது நடந்தால் நல்லது என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜெனோவா ஒரு நகலைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். "இனி பயமில்லாமத் திங்கலாம்மா" என்றாள். அதுவரை அவள் பயந்துகொண்டே தின்றிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

டிசம்பர் 22, திங்கள்

பேரன் பிறந்தான். டவுன் அரசு ஆஸ்பத்திரியில், காலை பத்தே காலுக்கு. சுகப்பிரசவம். எடை இரண்டு கிலோ நூறு. கொஞ்சம் கம்மி, பால் குடித்தால் ஏறிவிடும் என்றார்கள். மாதாவே நன்றி. விரல் பத்தும் எண்ணிப் பார்த்தேன். காதையும் மடித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது.

டிசம்பர் 30, செவ்வாய்

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு. எங்கள் கரையில் இதைச் செய்யாத தாய் கிடையாது. சுறாவை வேகவைத்துத் தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் கிளறினால் மூன்றாம் நாளே பால் ஊறும். ஜெனோவாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் செய்கிறேன். கஸ்பார் வலையில் குட்டிச்சுறா தினம் ஒன்றாவது விழுகிறது. மற்ற இடத்தில் தேடினாலும் கிடைக்காதது குழாயடியில் கூட்டமாக வருகிறது.

இன்று அறுத்ததில் வயிற்றுக்குள் மூன்று மடவை முழுசாக இருந்தன. மூன்றிலும் புண். எகிறாத மடவையைப் பிடிக்கச் சுறா அலைய வேண்டியதில்லை, அதனால்தான் இங்கே வருகிறது. மடவையை எடுத்து எறிந்துவிட்டு அரிவாள்மனையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சுறாவின் சதை வெள்ளையாக, சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 5, திங்கள்

பால் நன்றாக ஊறுகிறது. ஆனால் பிள்ளை நாலு வாய் இழுப்பான், தூங்கிவிடுவான். காலில் சுண்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. அழுகையே கிடையாது. பார்க்க வந்தவர்கள் இப்படி ஒரு தங்கமான பிள்ளை உண்டா என்று கொஞ்சிவிட்டுப் போகிறார்கள். தூக்கத்தில் தாத்தாவைக் கொண்டிருக்கிறான் என்று நானும் சிரித்தேன்.

மத்தியானம் இட்லிச் சட்டி மூடி என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. தெருநாய் எழுந்து ஓடியது. பிள்ளை அசையவில்லை. காது கேட்கிறதா என்று மெதுவாகக் கைதட்டிப் பார்த்தேன், கண் திரும்பியது. கேட்கிறது. அப்படியானால் ஏன் திடுக்கிடவில்லை என்று கேட்டாள் ஜெனோவா. மூடியை எடுத்துக் கழுவப் போனேன். அவளுக்கு நான்கு நாளாக உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

மூன்றாவது சோதனை. இரண்டு பையும் கொடுத்தேன். சார் குழந்தைக்குச் சட்டை வாங்கி வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தேன். தொம்மையிடம் ஒரு சீலா மீன் வாங்கி அவருக்குத் தனியாகக் குழம்பு வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று விரலைச் சப்பினார். எங்களுக்கு வேறு சட்டியில் குழம்பு இருந்தது. ஜெனோவா வாசல் நிலையில் சாய்ந்து இரண்டு சட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 12, திங்கள்

மூன்று நாளாக அவள் மீன் தொடவில்லை. பருப்பு ஊற்றிச் சாப்பிட்டாள். புட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள். இன்று கஸ்பார் வெளியே போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். பிள்ளை மடியில் இருந்தான்.

"சாருக்கு மட்டும் ஏம்மா வேற சட்டி வச்சிய?"

விருந்தாளிக்கு நல்லது வைப்பது வழக்கம்தானே என்றேன். அவள் எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள்.

"இது எந்த மீனுக்கு வந்தது?"

நம்மூர் மீனுக்கு என்றேன்.

"தொம்மை மாமா மீனுக்கா, அப்பா மீனுக்கா?"

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. அவள் சத்தமே போடவில்லை.

"நீங்க அனுப்புன மீனுக்குத் தாளு வந்துட்டு. நான் தின்ன மீனுக்குத் தாளு எங்கம்மா?"

எழுதிவிடுகிறேன். டிசம்பர் ஐந்தாம் தேதி இரண்டு பையிலும் தொம்மையின் பாறையைத்தான் வைத்தேன். இரண்டாவது சீட்டில் குழாயடி என்று என் கையால் எழுதினேன். ஜனவரியிலும் அப்படியே. நல்ல மீன் கொடுங்கள் என்று அவர்தான் கேட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது குழாயடியிலிருந்து நல்ல மீன். குழாயடியில் நல்ல மீன் கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு தடவை என் மீனைக் கெட்டுப்போனது என்று ஒருவன் எழுதுவதை என்னால் தாங்க முடிந்திருக்காது. அப்புறம் முத்திரையோடு தாள் வந்ததும் நானே அதை நம்பிவிட்டேன். என் கையால் எழுதிய பொய் அச்சாகித் திரும்பி வந்தபோது அது உண்மை மாதிரியே இருந்தது. அதை நம்பித்தான் பிள்ளைக்காரிக்குச் சுறா கொடுத்தேன். முழுக்க நம்பினேனா? நம்பியிருந்தால் சாருக்கும் அதே சட்டியிலிருந்து ஊற்றியிருப்பேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

கஸ்பார் இன்று கொண்டுவந்ததைக் கழுவாமல், வெட்டாமல் எடுத்துக்கொண்டேன். சுறா ஒன்று, மடவை நான்கு, புண்ணோடு. புட்டுக்கென்று முந்தாநாள் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்த சுறாச் சதையும் ஒரு டப்பாவில். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, சீட்டில் "பெலிசிட்டா வீட்டுக் கறிமீன். பிடித்த இடம் குழாயடி. பிடித்தவர் கஸ்பார்" என்று எழுதினேன்.

பஸ் நிறுத்தத்தில் இன்னாசி பிடித்துக்கொண்டார். ஜெனோவா கமிட்டியில் யாரிடமோ கேட்டிருக்கிறாள் போல, அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தாள் வந்த பிறகுதான் ஊரில் நாலு வீட்டில் ஒழுங்காக அடுப்பு எரிகிறது, கம்பெனிக்காரன் தனக்குச் சம்பந்தமில்லை என்று கைவிரித்துவிடுவான், கடைசியில் நம் மீனைத்தான் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. கடைசியாக, "பெலிசி, உன் கையெழுத்துத்தான் எல்லாச் சீட்டுலயும் இருக்கு" என்றார், மெதுவாக.

அதனாலதான் நானே போறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன். பெட்டி மடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

சோதனைக்கூடத்தில் சார் இல்லை, வெளியூர் போயிருந்தார். அங்கிருந்த பெண் பெட்டியைத் திறந்துவிட்டு இது கெட்டுப்போயிருக்கே என்றாள். கெட்டுப்போகவில்லை, இப்படித்தான் இருக்கிறது, இதைத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 20, செவ்வாய்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோனோம். ஒரு மாதத்தில் இருநூறு கிராம்தான் ஏறியிருக்கிறான். வரிசையில் ஊர்க்காரிகள் நின்றார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. ஜெனோவாதான் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், எல்லோர் காதிலும் விழும்படியாக. டாக்டரம்மா பிள்ளையின் கையை விரித்துவிட்டுப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், அட்டையில் ஏதோ எழுதினார். இப்போதைக்குப் பாலை நிறுத்த வேண்டாம், மீனை நிறுத்துங்கள், ரிப்போர்ட் வந்ததும் அன்றைக்கே கொண்டு வாருங்கள் என்றார்.

ஜெனோவா ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும் முன்னும் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையாட்ட வேண்டுமாம். ஆட்டுகிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

தொம்மையின் படகுக்காரர்களைத் தவிர எவரும் ஏலக்கூடத்தில் என்னோடு பேசுவதில்லை. தாளில் உடல்நிலைக் கட்டத்தில் "நலமில்லை" என்று பதினாறு தடவை எழுதினேன். குறிப்புக் கட்டம் போதவில்லை, பின்பக்கத்திலும் எழுதினேன்.

ஜனவரி 26, திங்கள்

கஸ்பார் வள்ளத்தை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார். கை மரத்ததாலா, என்மேல் உள்ள கோபத்தாலா என்று கேட்கவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் மாட்டிவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

பதினொரு மணிக்கு சார் போன் செய்தார். வீட்டுக் கறிமீன் என்று சீட்டு இருக்கிறதே, அது சரிதானா என்று முதலில் கேட்டார். சரி என்றேன். இயந்திரத்தில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்களாம். மடவையில் அளவு கூடுதலாம், சுறாவில் அதைவிடப் பல மடங்காம். எதனுடைய அளவு என்று கேட்டேன். பாதரசம் என்றார். அப்படியானால் டிசம்பரில் வந்த மீன் என்று இழுத்தார். அது தொம்மையின் மீன், ஜனவரியில் கொடுத்ததும் அதுதான், சீட்டில் பொய் எழுதியவள் நான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வீட்ல யாரெல்லாம் அதைச் சாப்பிட்டீங்க?" என்றார்.

கஸ்பார், நான், என் மகள் என்றேன். மகள் எப்போதிலிருந்து என்றார். நவம்பர் பத்தொன்பது என்றேன். அப்போது அவர்களுக்கு எத்தனையாவது மாதம் என்றார். எட்டாவது. சுறா எப்போதிருந்து? பிரசவத்துக்குப் பிறகு. எத்தனை தடவை? கண்ணை மூடி எண்ணினேன், ஏழுக்கு மேல் எண்ண முடியவில்லை. குழந்தை தாய்ப்பால்தானா என்றார். ஆமாம். குழந்தைக்கு எத்தனை நாள் ஆகிறது என்றார். முப்பத்தேழு என்றேன்.

மறுமுனையில் எழுதிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள், டவுன் ஆஸ்பத்திரியில் நான் வந்து நிற்கிறேன் என்றார்.

ஜெனோவா கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டவில்லை. அவள் பிள்ளையின் வாயில் விரலை விட்டு மார்பிலிருந்து விடுவித்து எடுத்தாள்.

அவன் அழவில்லை.